வெட்டுப்புள்ளிக்கு முந்திய பெனர்

மகன், சின்ன மகள், இரண்டு பேரும் இதைச் சேர்ந்திருந்து வாசியுங்கள். ஒருவர் வாசித்துவிட்டு மற்றவருக்குக் கதையாகச் சொல்ல வேண்டாம். நீங்கள் சொன்னால் அது வேறு கதையாகிவிடும். இது என் மூத்த மகள், உங்கள் ராத்தா, பல்கலைக்கழகம் போனதைப் பற்றியது. போவதா, வீட்டில் இருந்து மூன்றாந்தரமும் உயர்தரப் பரீட்சை எழுதுவதா என்று இந்த வீடு கிடந்து தவித்ததைப் பற்றியது. அப்போது நீங்களும் இங்கேதான் இருந்தீர்கள். ஆனால் பெரியவர்கள் கதைக்கும்போதெல்லாம் உங்களை எழுப்பி எழுப்பி வெளியே அனுப்பினோம். அதனால் உங்களுக்குப் பாதிதான் தெரியும். அந்தப் பாதியும் சண்டைச் சத்தம்தான்.

இத்தனை நாள் கழித்து ஏன் எழுதுகிறேன் என்றால், மகன், உன் பள்ளிக்கூடத்தில் போன கிழமை பெற்றோர் கூட்டம் வைத்தார்களே, அதனால்தான். புதிய கல்வித் திட்டம் வருகிறதாம். பாடப்புத்தகம் குறைந்து மொடியூல் வருமாம். மனனம் செய்ய வேண்டாமாம், பிள்ளைகள் தாங்களாகவே தேடிப் படிப்பார்களாம். படிப்பிக்கிற சேர் ஒருவர் சுவரில் படம் காட்டிக் காட்டி விளக்கினார். நான் கடைசி வரிசையில் இருந்தேன். முடிவில் முன்வரிசையில் இருந்த ஒருவர் எழும்பி, "எல்லாம் நல்லந்தான் சேர். அப்ப டாக்டருக்கு எப்பிடி எடுக்குற?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. சேரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே படம் காட்டுகிற மெஷினை நிறுத்தினார். நான் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தேன், எழும்பினேன், வாசல் படலை வரைக்கும் போனேன், திரும்பி வந்தேன். "என்ன, பூனைக்குக் கால் சுட்டாப்போல நடக்குறீங்க?" என்று உம்மா கேட்டா. அன்றைக்குத்தான் எழுதுவோம் என்று நினைத்தேன்.

நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன். படிப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் நம் ஊர்களில் படிப்பு எப்படிச் சந்தியில் தொங்குகிறது என்பது எனக்குத் தெரியும். தொங்கவிடுகிறவனே நான்தானே.

என் தொழில் உங்களுக்குத் தெரிந்ததுதான். கல்முனையில் அச்சடிக்கிற கடைக்காரர்கள் பிளெக்ஸ் பெனரை அச்சடித்துத் தருவார்கள். நான் ரீப்பைக் கம்பில் சட்டம் அடித்து, பிளெக்ஸை இழுத்துப் பிடித்து ஆணியறைந்து, கொண்டுபோய்க் கட்டிக் கொடுப்பேன். கலியாணத்துக்கு, கடை திறப்புக்கு, ஹஜ்ஜுக்குப் போய் வந்தவருக்கு, தேர்தலுக்கு, எல்லாவற்றுக்கும் பெனர் உண்டு. ஆனால் எங்களுடைய பெருநாள் உயர்தரப் பெறுபேறு வருகிற நேரம்தான். அந்த நாட்களில் காரைதீவில் வயல் செய்கிற ஒரு தம்பி தன்னுடைய லான்ட்மாஸ்டர் உழவு மெஷினைக் கொண்டுவருவார். அதன் பின்பெட்டியில் சட்டங்களையும் ஏணியையும் ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் சந்தி சந்தியாகப் போவோம். சாய்ந்தமருதிலிருந்து பாண்டிருப்பு வரைக்கும், அந்தப் பக்கம் காரைதீவு வரைக்கும், எந்தப் பிள்ளை எந்தத் துறைக்குப் போகுது என்று எங்களுக்குத்தான் முதலில் தெரியும்.

அந்தப் பெனர்களில் ஒரு ஒழுங்கு உண்டு. மேல் வரிசையில் மருத்துவம், தட்டளவு முகம். அதற்குக் கீழே பொறியியல், தலையில் மஞ்சள் தொப்பி. பிறகு வர்த்தகம், சட்டம். கலைப்பிரிவுப் பிள்ளைகள் அடியில், முத்திரை அளவில். சில பெனரில் அவர்களுக்கு முகமே இல்லை, பெயர் மட்டும்தான். மருத்துவத்துக்கு அச்சுக்கடைக் கணினியில் ஒரு வெள்ளைக் கோட்டு இருக்கிறது. ஒரே ஒரு கோட்டு. எல்லாப் பிள்ளையின் தலையையும் வெட்டி அந்தக் கோட்டின் மேல் வைப்பார்கள். எல்லாருடைய பையிலும் ஒரே சிவப்புப் பேனை. நம் ஊர்ப் பெனரில் மேலே பள்ளிவாசல் கூம்பு, காரைதீவுப் பெனரில் மேலே பிள்ளையார். ஒருநாள் இரண்டையும் ஒரே பெட்டியில் ஏற்றும்போது, என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற தம்பி சொன்னார்: "காக்கா, மேலதான் வேற. கீழ பாருங்க, கோட்டு ஒண்டுதான்." நான் அதற்குப் பிறகு ஒவ்வொரு பெனரிலும் அந்தச் சிவப்புப் பேனையைத்தான் தேடுவேன்.

உங்கள் ராத்தா உயிரியல் எடுத்தா. முதல் தடவை மருத்துவத்துக்குக் கிட்டவும் வரவில்லை. இரண்டாந்தரம் எழுதினா. அந்த ஒரு வருஷம் அவ இந்த வீட்டில் இருந்தும் இல்லை. காலையில் ஒரு வகுப்பு, பின்னேரம் ஒரு வகுப்பு, இடையில் சோற்றைக் குழைத்து வைத்துக்கொண்டு புத்தகம். பெறுபேறு வந்த அன்று போனை வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றா. "நல்லா வந்திரிக்கி உம்மா" என்றா. அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. உம்மாதான் தெருவுக்குக் கேட்க அல்ஹம்துலில்லாஹ் சொன்னது.

உங்களுக்கு ஒன்று விளங்க வேண்டும். புள்ளி வந்ததும் காரியம் முடிவதில்லை. மாவட்டத்துக்கு இத்தனை பேர் என்று எடுப்பார்கள். கடைசியாக எடுபட்ட பிள்ளையின் புள்ளிதான் அந்த வருஷத்து வெட்டுப்புள்ளி. அது மாதக்கணக்கில் கழித்துத்தான் வெளியாகும். அதுவரைக்கும் எல்லாரும் போன வருஷத்து வெட்டுப்புள்ளியை வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். ராத்தாவின் புள்ளி போன வருஷத்தை விட ஒரு நூல் மேலே இருந்தது.

அன்று பின்னேரமே ராத்தா படித்த டியூஷன் வகுப்பு சேர் என் கடைக்கு வந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே, "மகள்ட படத்த அனுப்புங்க காக்கா, மேல் வரிசை" என்றார்.

நான் வீட்டில் கேட்டேன். ராத்தா மறுத்துவிட்டா. "வெட்டுப்புள்ளி வரட்டும் வாப்பா. அதுக்கு முன்னுக்கு என்னத்துக்கு என்ட மூஞ்சயக் கொண்டு சந்தியில தொங்க விடுற?"

"எல்லாரும் இப்பவே போடுறாங்க மகள்."

"எல்லாரும் போடட்டும்."

அவ சொன்னதில் பிழை இல்லை. ஆனால் நம் ஊர்களில் யாரும் வெட்டுப்புள்ளிக்குக் காத்திருப்பதில்லை. பெறுபேறு வந்து பெனர் பிந்தினால், பக்கத்து வகுப்பின் பெனர் முந்திவிடும். அடுத்த தொகுதிப் பிள்ளைகள் அங்கே போய்விடுவார்கள். சேருக்கு அந்த அவசரம். உம்மாவுக்கு வேறு அவசரம். உம்மா பரிசளிப்பு விழாவில் எடுத்த படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டா. மறுநாள் காலை அச்சுக்கடையிலிருந்து பிளெக்ஸ் சுருள் என் மேசைக்கு வந்தது. விரித்தால் மேல் வரிசையின் ஓரத்தில் என் மகள். வெள்ளைக் கோட்டு, சிவப்புப் பேனை. கோட்டுக் கொலருக்கு மேல் பர்தாவை வெட்டி ஒட்டிய இடம் கோணலாக இருந்தது.

பிளெக்ஸை இழுத்து ஆணியறையும்போது ஓரத்து முகங்கள் கொஞ்சம் அகலும். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி நான் யோசித்ததில்லை. அன்று அந்த மூலையை மட்டும் மெல்ல இழுத்தேன். தம்பி பார்த்துக்கொண்டு நின்றார். "காக்கா, அந்தப் பக்கம் சுருங்கிக் கிடக்கு, இன்னும் இழுங்க" என்றார். "கிடக்கட்டும்" என்றேன். அவர் கிட்ட வந்து பார்த்தார், முகத்தைக் கண்டார், ஆணிப் பெட்டியை என் பக்கம் தள்ளிவைத்தார். சந்தியில் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர்ட வாப்பாவ விழுத்தினா எனக்கு மருந்து தர மாட்டாங்க" என்று பகிடி விட்டார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் ஊரில் வேறு மனிதன். மீன் சந்தையில் சூரை வெட்டுகிறவர் தலைத்துண்டைச் சும்மா போட்டுத் தந்தார். பள்ளிவாசலில் முன்பின் கதைக்காதவர்கள் கை தந்தார்கள். சந்தோஷம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் இரவில் படுத்தால் அந்தச் சுருங்கிய மூலைதான் கண்ணுக்குள் வரும்.

வெட்டுப்புள்ளி வந்தது. அந்த வருஷம் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் நன்றாக எழுதியிருந்தார்கள். நல்ல செய்திதான். அந்த நல்ல செய்தியால் நம் வீட்டில் சோறு ஆறிப்போனது. வெட்டுப்புள்ளி ஏறிவிட்டது. ராத்தா கீழே நின்றுவிட்டா. மலைநாட்டுப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் விவசாய பீடம் கிடைத்திருந்தது.

உம்மா குசினிக்குள் போய் அழுதா. ராத்தா ஆறிய சோற்றைச் சாப்பிட்டா. சாப்பிட்டு முடித்துச் சோற்றுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, "வாப்பா, அந்தப் பெனரக் கழட்டுங்க" என்றா.

நான் சேருக்குப் போன் எடுத்தேன். "மற்றப் பிள்ளைகள் எடுபட்டிரிக்காங்களே காக்கா, எப்பிடிக் கழட்டுற?" என்றார். அதுவும் நியாயம். "மகள் மூணாந்தரம் எழுதட்டும். வாற வருஷம் அதே படத்தப் போடுவம். அதுவரைக்கும் கிடக்கட்டும்." அப்படிக் கிடந்தது. ராத்தா கடைக்குப் போவதென்றாலும் பின்தெருவால் சுற்றிப் போகத் தொடங்கினா.

இனித்தான் இந்த வீட்டுத் தவிப்பு. பல்கலைக்கழகத்துக்குப் பதிந்துவிட்டால், பிறகு பரீட்சை எழுதி மருத்துவத்துக்குப் போக முடியாது. பதியாமல் விட்டால் விவசாய பீடம் கைவிட்டுப் போய்விடும். மூன்றாந்தரம்தான் கடைசித்தரம். அதற்குமேல் எழுத விடமாட்டார்கள். பதிவதற்குத் தந்த நாட்களோ ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டிருந்தன.

அதோடு வீடு. கடலோரத்தில் இருந்த நம் வளவு சுனாமியில் போன பிறகு கிடைத்த இந்தக் காணியில், பின்பக்கம் ராத்தாவுக்கென்று ஒரு வீடு எழும்பிக் கொண்டிருக்கிறதே, அது அப்போதே ஜன்னலுக்கு மேலே கொங்கிரீட் போட்ட மட்டத்தில் நின்றது. இங்கே மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார். அவர் வர ஒரு வீடு வேண்டும். இது உங்களுக்குப் புதிதல்ல. பெனரைக் கண்டு ஒரு மாப்பிள்ளை வீட்டார் ஆள் விட்டிருந்தார்கள். வெட்டுப்புள்ளி வந்த பிறகு அந்த ஆள் திரும்பவும் வந்து, "மூணாந்தரம் எழுதுறண்டா பொறுத்திரிப்பமாம்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

உள்ளே நின்ற ராத்தா கேட்டா: "மாப்பிள்ளைக்கும் வெட்டுப்புள்ளி இரிக்கா உம்மா?"

உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டு ஏசினா.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் மாமா வந்தார். உம்மாவின் காக்கா. கல்வித் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வெளிநாட்டுக்குப் பயிற்சிக்குப் போய் வந்தவர். அவர் கதைக்கத் தொடங்கினால் எனக்குக் கேட்க ஆசையாக இருக்கும்.

"உலகத்துல எங்கயும் இப்பிடி இல்ல மச்சான்," என்றார். "நான் போன நாட்டுல புள்ளைக்குப் பதினாறு வயசு வரைக்கும் பெரிய பரீட்சையே இல்ல. மரவேலையும் ஒரு பாடம். மரவேல படிச்சவன் மறுகா ஆசப்பட்டா கெம்பஸ் போகலாம். கதவு பூட்டுறல்ல."

"அப்ப நான் அங்கதான் பொறந்திரிக்கணும்" என்றேன்.

"சிரிக்காதீங்க. ஒரு பரீட்ச, ஒரு நாள், ஒரு புள்ளி. அதுல ஒரு புள்ளைர வாழ்க்கை. இது படிப்பா? இது சூது."

உம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. "சரி காக்கா, அப்ப இவ என்ன செய்யிற?"

மாமா, "மூணாந்தரம் எழுதட்டும்" என்றார்.

"இப்பதானே சூது எண்டீங்க?"

"சிஸ்டம் மாறணும். அது வேற. நம்மட புள்ள இந்த சிஸ்டத்துக்குள்ளதானே இரிக்கா? கிட்ட வந்து விட்டுட்டுப் போறதா?"

மாமாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானும் அப்படித்தான். மேடையில் கதைப்பவர்கள், கூட்டத்தில் கை தட்டுகிறவர்கள், எல்லாரும் மாற்றம் வேண்டும் என்கிறோம். மாற்றம் பக்கத்து வீட்டுப் பிள்ளையிலிருந்து தொடங்கட்டும் என்று மட்டும் நினைக்கிறோம்.

ராத்தா உள்ளேயிருந்து வந்து கதவோடு நின்றா. "மாமா, மூணாந்தரமும் வரல்லண்டா?"

"அப்பிடி நினைக்கப்படா மகள்."

"நினைக்கல்ல மாமா. கேக்குறன்."

அவவே சொன்னா: "எனக்கும் டாக்டராக ஆசதான். பொய் சொல்லல்ல. ஆனா அந்தப் புத்தகத்த இன்னொருக்காத் தொறந்தா எனக்குச் சத்தி எடுக்க வரும். எந்தப் பக்கத்துல எந்தக் கறை இரிக்கெண்டும் தெரியும். இனி அதுல படிக்க ஒண்டுமில்ல, பயப்பிடத்தான் இரிக்கி."

அந்த நேரம் தம்பி ஏணியைத் திருப்பித் தர வந்திருந்தார். படலையில் நின்றபடியே எல்லாம் கேட்டிருப்பார் போல. போகும்போது என்னைக் கூப்பிட்டு, "காக்கா, எங்கட அண்ணன்ட மகள் அதே பீடத்துலதான். ரெண்டாம் வருஷம். லீவுல வந்து நிக்கிறா. நீங்க இவ்வளவு பேரக் கேக்குறீங்க, போய்ப் படிக்கிற ஆள ஒருக்காக் கேளுங்களன்" என்றார்.

உண்மையில் அதுவரைக்கும் நாங்கள் அப்படி ஒருவரையும் கேட்கவில்லை. இமாமைக் கேட்டேன், அல்லாஹ்விடம் வழி கேட்டு இஸ்திகாரா தொழச் சொன்னார், தொழுதேன். பாமசிக்காரரைக் கேட்டேன். கம்பு வாங்குகிற மரக்காலை முதலாளியைக் கேட்டேன். ஒருவர் போ என்றார், ஒருவர் இரு என்றார். கடையில் ஒரே கம்பை மூன்று முறை அளந்து பிழையாக அறுத்தேன். என் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு வசனமும் யாரோ சொன்னதாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் உம்மாவையும் ராத்தாவையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு காரைதீவுக்குப் போனேன். அந்தப் பிள்ளை முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றா. கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரை போட்டா. உம்மா முதலில் கேட்டது சாப்பாடு, தொழ இடம், அறையில் யார் யார் என்பதெல்லாம். "உங்கட ஊர்ப் புள்ளையள் கனபேர் இருக்காங்க அன்ரி. அவங்க சமைச்சா நாங்களும் போய்ச் சாப்பிடுவம்" என்றா அந்தப் பிள்ளை. உம்மாவின் தோள் கொஞ்சம் இறங்கியது.

ராத்தா கேட்டா: "முதல் நாள் லெக்சர் எப்பிடி விளங்கிச்சு அக்கா? எல்லாம் இங்கிலீஷ்தானே?"

"லைட்டு போட்டது விளங்கிச்சு. மறுகா லைட்ட நிப்பாட்டினது விளங்கிச்சு."

எல்லாரும் சிரித்தோம். அவ சிரிக்கவில்லை. "பகிடி இல்ல தங்கச்சி. பதிமூணு வருஷம் தமிழ்ல படிச்சித்துப் போறம். ஒளித்தொகுப்பு எண்டு படிச்சதுக்கு அங்க வேற பேர். தெரிஞ்ச ஆளே வேற உடுப்போட வந்து நிண்டா மாதிரி. மூணு மாசம் அழுதன். பிறகு அழ நேரமில்ல."

"சிங்களப் புள்ளைகளுக்கு லேசுதானே?" என்று நான் கேட்டேன்.

"இல்ல அங்கிள். அவங்களும் சிங்களத்துல படிச்சவங்கதானே. எனக்குப் பக்கத்துல ஒரு புள்ள, வயல் செய்யிற குடும்பம், அவளும் அப்பிடித்தான் முழிச்சித்திருந்தாள். நான் ஓரத்துல தமிழ்ல எழுதுவன், அவள் சிங்களத்துல எழுதுவாள். ரெண்டு பேருக்கும் நடுவுல இங்கிலீஷ் புத்தகம். அவள் ஒரு சொல்லக் கண்டுபிடிப்பாள், நான் ஒண்டக் கண்டுபிடிப்பன். கொழும்புப் பக்கம் இங்கிலீஷ்ல படிச்சித்து வந்தவங்க பின்னுக்கிருந்து சிரிப்பாங்க."

எனக்கு அதைக் கேட்டபோது ஒரு கோபம் வந்தது. யாரில் என்று தெரியவில்லை. நம் பிள்ளைகள்தான் பின்தங்கி நிற்கிறார்கள் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அங்கே மலைநாட்டில், முகம் தெரியாத ஒரு விவசாயியின் மகளும் அதே வாங்கில் முழித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பதிமூன்று வருஷம் ஒரு மொழியில் நடக்கப் பழக்கிவிட்டு, பதினாலாவது வருஷம் வேறு மொழியில் ஓடு என்றால், விழுகிற பிள்ளையையா குறை சொல்வது? ஆங்கிலத்திலேயே தொடங்கலாமே என்று மாமா சொல்வார். அப்படித் தொடங்கினால் தன் உம்மாவோடு எதைப் பற்றியும் கதைக்க முடியாத பிள்ளையாகிவிடுமே என்று வேறொருவர் சொல்வார். எனக்கு இரண்டும் சரியாகப் படுகிறது. அதுதான் என்னை இருக்க விடாமல் எழுப்புகிறது.

ராத்தா கடைசியாக ஒன்று கேட்டா. "அக்கா, நீங்களும் மருத்துவம் எண்டுதானே எழுதின?"

"ஓம்."

"இப்ப?"

அந்தப் பிள்ளை உம்மாவைப் பார்த்தா, பிறகு ராத்தாவைப் பார்த்தா. "இப்பவும் சில நேரம் ஆஸ்பத்திரிப் பக்கம் போனா வெள்ளக் கோட்டுப் போட்டவங்களப் பார்த்தித்து நிப்பன். இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனா போன மாசம் ஒரு நெல்லு வயலுக்குக் கூட்டித்துப் போனாங்க, இலையில ஒரு நோய். ஊரில எங்கட அப்பா வருஷா வருஷம் அதுக்கு மருந்தடிப்பார். அது மருந்து அடிக்கிற நோயே இல்லையாம். வந்து அப்பாட்டச் சொன்னன். நம்பல்ல. இப்பவும் சண்ட நடக்குது."

வீட்டுக்கு வரும் வழியில் ஓட்டோக்காரர் சந்தியால் திருப்பினார். பின்தெருவால் போகச் சொல்ல நான் வாயெடுக்கும்போது, "பரவாயில்ல வாப்பா, போகட்டும்" என்றா ராத்தா. நிமிர்ந்து பெனரைப் பார்த்தா. "என்ட பர்தா கோணலா இரிக்கி" என்றா.

பதிவுக்குக் கடைசி நாள். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்தேன். ராத்தா பின்பக்கம், அவவுக்கென்று கட்டுகிற அந்தக் கூரையில்லாத வீட்டுக்குள், கல் அடுக்கின் மேல் இருந்தா. அங்கேதான் போனுக்குச் சிக்னல் நன்றாக வரும். உம்மா ஜன்னல் வைக்க விட்ட ஓட்டைக்கு வெளியே நின்றா.

"வாப்பா, நீங்க சொல்லுங்க" என்றா ராத்தா. "நீங்க இண்டைக்கு வரைக்கும் ஒண்டுமே சொல்லல்ல. எல்லாரையும் கூட்டிவந்து கதைக்க விட்டீங்க. நீங்க சொல்லுங்க."

"எனக்குத் தெரியா மகள்" என்றேன். "தெரிஞ்ச ஆள் மாதிரிச் சொல்ல ஏலும். ஆனா தெரியா. மூணாந்தரம் எழுதுறண்டா விடியக்காலம் தேத்தண்ணி ஊத்தித் தாறன். போறண்டா பெட்டியத் தூக்கித்து பஸ்ஸுக்கு வாறன். அதுக்கு மேல எனக்கு ஏலா."

அவ கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தா. கோபமா, என்னவென்று விளங்கவில்லை. பிறகு குனிந்து போனில் எதையோ அழுத்தினா. நிறைய நேரம் அழுத்தினா. காகம் ஒன்று சுவரில் வந்து குந்தியது. உம்மா பொறுக்கமாட்டாமல், "என்னகா செஞ்ச?" என்று கேட்டா.

"பதிஞ்சிட்டன் உம்மா."

உம்மா சுவரில் ஒட்டிக் காய்ந்திருந்த சாந்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றா. பிறகு, "அங்க குளிராம். ஒரு தடிச்ச போர்வை எடுக்கணும்" என்றா.

மாப்பிள்ளை வீட்டார் பிறகு ஆள் விடவில்லை. வகுப்பு சேருக்கு என்னோடு மனத்தாங்கல். நான் திரும்பவும் பெனரைப் பற்றிக் கேட்டபோது, "நீங்க அடிச்ச சட்டம்தானே, நீங்களே கழட்டுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். ராத்தாவோடு அதே வகுப்பில், அதே மாதிரிக் கீழே நின்ற இன்னொரு பிள்ளை பதியவில்லை. இருந்து மூன்றாந்தரம் எழுதினா. மருத்துவத்துக்கே எடுபட்டா. அந்தப் பெனருக்கும் நான்தான் சட்டம் அடித்தேன். உம்மா கடைக்குச் சோறு கொண்டுவந்தபோது அது மேசையில் விரிந்து கிடந்தது. பார்த்தா. சோற்றை வைத்துவிட்டுப் போய்விட்டா. ராத்தா இப்போது இரண்டாம் வருஷம். போனில் சில நாள் சிரிக்கிறா, சில நாள் "நித்திர வருது வாப்பா" என்று வைத்துவிடுகிறா. நாங்கள் செய்தது சரிதானா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. மகன், உனக்கு மொடியூல் வந்தாலும் வராவிட்டாலும் இப்படி ஒரு நாள் வரும். அப்போது நீ பகிடியாகக் கேட்டாலும் கேள், அழுது கேட்டாலும் கேள், கேட்காமல் மட்டும் இருக்காதே. சின்ன மகள், உனக்கும் அதுதான். உன்னுடைய படத்தை உன்னைக் கேட்காமல் ஒருவருக்கும் அனுப்பமாட்டோம். உம்மாவும் ஒத்துக்கொண்டிருக்கிறா.

ராத்தா போன அன்று விடியச் சுபஹு தொழுதுவிட்டு நான்தான் பஸ்ஸில் ஏற்றப் போனேன். நீங்கள் இரண்டு பேரும் தூக்கக் கலக்கத்தில் கை காட்டினீர்கள். பெட்டி, போர்வை, உம்மா பொரித்துக் கட்டிய மாசிச் சம்பல். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் எடுக்கும்போது அவ தலையை வெளியே நீட்டி, சந்திப் பெனர்ப் பக்கம் கண்ணைக் காட்டினா. "வாப்பா, நான் போறன், அவ இன்னும் அங்க சிரிச்சித்து நிக்கா" என்றா. பஸ் போய்விட்டது.

நான் கடையைத் திறந்து ஏணியை எடுத்துக்கொண்டு தனியாகச் சந்திக்குப் போனேன். பாண் கடை மட்டும் திறந்திருந்தது. கயிற்றை அவிழ்த்து, சட்டத்தைத் தோளில் சாய்த்து மெல்ல இறக்கினேன். கடைக்குக் கொண்டுவந்து நிலத்தில் கிடத்தி, ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அந்தச் சுருங்கிய மூலையில் ஆணி லேசாகக் கழன்றது. சட்டத்தை எடுத்து வைத்துவிட்டு, பிளெக்ஸைச் சுருட்டக் குனிந்தேன். மாதக்கணக்கில் பஸ்ஸும் லொறியும் கிளப்பிய புழுதி அதில் படிந்திருந்தது. சாரன் தலைப்பை நனைத்து உங்கள் ராத்தாவின் முகத்தைத் துடைத்தேன். துடைத்ததும் மற்ற முகங்கள் இன்னும் அழுக்காகத் தெரிந்தன. அதனால் மேல் வரிசை முழுவதையும் துடைத்தேன். பிறகு மஞ்சள் தொப்பிக்காரர்களை, பிறகு அதற்குக் கீழே உள்ளவர்களை, கடைசியில் அடியில் முத்திரை அளவில் இருந்தவர்களை, விரல் நுனியால் ஒவ்வொருவராக. காயும் வரைக்கும் பக்கத்தில் குந்தியிருந்தேன். காய்ந்ததும் முகங்கள் உள்ளே வரும்படி சுருட்டி, கடைப் பரணில் மழை படாத பக்கமாக வைத்தேன்.